ஜிஎஸ்டி ரிட்டர்ன் உண்மையிலேயே போட்டாயிற்றா? நீங்களே பார்ப்பது எப்படி

தம்பி சென்னிமலையில் போர்வை, துண்டு மொத்த வியாபாரம் செய்கிறான். 2025 மே 17, சனிக்கிழமை சாயங்காலம், பாலக்காட்டுக்கு லோடு ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, டிரைவரும் டீ குடித்துவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்குப் போன் வந்தது. "அக்கா, ஈ-வே பில் போட விடமாட்டேங்குது, பிளாக்னு வருது." சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டுதான் ஈ-வே பில். நான் ஈரோட்டில் ஒரு நூல் கடையில் கணக்கு பார்க்கிறேன், இந்த மாதிரி போன் எனக்குப் புதிதில்லை. "3பி போட்டியா?" என்றுதான் முதலில் கேட்டேன், கட்ட வேண்டிய வரியைக் கணக்குக் காட்டிப் போடுகிற ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னைத்தான் சுருக்கமாக அப்படிச் சொல்வோம். "போட்டாச்சுக்கா, பணம் கட்டின ரசீதே கையில இருக்கு" என்றான்.

அவன் கையில் இருந்தது சலான் கட்டிய ரசீது. அது ரிட்டர்ன் போட்டதற்கு அத்தாட்சி கிடையாது. அவனுடைய ஜிஎஸ்டி எண்ணை வாட்ஸ்அப்பில் வாங்கி என் போனிலேயே பார்த்தேன், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜனவரி 3பி இருக்கிறது. பிப்ரவரி 3பி இல்லை, மார்ச்சும் இல்லை. இரண்டு மாதம் தொடர்ந்து 3பி போடாவிட்டால் ஈ-வே பில் எடுக்க முடியாது என்பது விதி, அதுதான் சரக்கு ஏற்றிய வண்டியை நிறுத்தி வைத்தது. அந்த இரண்டு நிமிஷ வேலையை அவனே ஏப்ரலில் செய்திருந்தால் அன்றைக்கு அந்த நிலைமை வந்திருக்காது. வியாபாரம் செய்கிற ஒவ்வொருவரும் மாதம் ஒரு தடவையாவது இதைத் தாங்களே பார்க்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன், கணக்குக்கு ஆள் வைத்திருந்தாலும் சரி, பெரிய ஆடிட்டரிடம் கொடுத்திருந்தாலும் சரி.

லாகின் இல்லாமலே பார்க்கலாம்

நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் இது. யூசர்நேமும் பாஸ்வேர்டும் கணக்குப் பார்ப்பவரிடம் இருக்கிறது, அவரைக் கேட்டால்தான் பார்க்க முடியும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தேவையே இல்லை. ஜிஎஸ்டி எண் ஒன்று போதும்.

கூகுளில் போய் ஜிஎஸ்டி ஸ்டேட்டஸ் என்று தேடாதீர்கள், தனியார் தளங்கள்தான் வரிசையாக வந்து நிற்கும், அதில் சிலது உங்கள் போன் நம்பரைக் கேட்கும். நேராக ஜிஎஸ்டி டாட் ஜிஓவி டாட் இன் என்று அடித்து அரசாங்கத் தளத்துக்கே போங்கள். மேலே இருக்கிற மெனுவில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' என்று ஒன்று இருக்கும். அதில் முதலாவது, ஜிஎஸ்டி எண்ணை வைத்துத் தேடுவது. எண்ணை அடித்து, கீழே வருகிற கேப்சாவில் இருக்கிற எண்களையும் அடித்து, தேடு என்று கொடுத்தால் அந்தத் தொழிலின் விவரம் வந்துவிடும். போனில் பார்க்கும்போது மெனு ஒரு ஓரத்தில் மூன்று கோடாக மடங்கியிருக்கும், அதைத் தட்டினால் விரியும்.

எண்ணை அடிக்கும்போது கவனம் தேவை, ஏனென்றால் ஓ-வையும் சைபரையும் மாற்றி அடிப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. மொத்தம் 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலத்தின் எண், தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கேரளாவுக்கு 32, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் அந்தத் தொழிலின் பான் எண். பான் எண்ணில் முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசி ஒன்று எழுத்து, அதனால் எந்த இடத்தில் ஓ வரும், எந்த இடத்தில் சைபர் வரும் என்பது தானாகவே தெரிந்துவிடும். பான் எண்ணை மட்டும் வைத்துத் தேடவும் தனியாக வழி இருக்கிறது, ஒரே பான் எண்ணில் இரண்டு மூன்று மாநிலத்தில் பதிவு வைத்திருந்தால் எல்லாவற்றையும் காட்டும்.

வருகிற பக்கத்தில் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவு எந்தத் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது, ரெகுலரா காம்போசிஷனா (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்), பதிவு உயிரோடு இருக்கிறதா என்று எல்லாம் இருக்கும். 'ஆக்டிவ்' என்று இருந்தால் சரி. 'சஸ்பெண்டட்' என்றோ 'கேன்சல்டு' என்றோ இருந்தால் மற்றதை விட்டுவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

அப்புறம் அதே பக்கத்தில் 'ஷோ ஃபைலிங் டேபிள்' என்று ஒரு பட்டன். அதைத் தட்டி நிதி ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் ரிட்டர்ன் வாரியாகப் பட்டியல் வரும். விற்பனை பில்களை ஏற்றுகிற ஜிஎஸ்டிஆர்-1 தனியாக, 3பி தனியாக. ஒவ்வொன்றிலும் எந்த மாதத்துக்கானது, எந்தத் தேதியில் போடப்பட்டது, நிலை என்ன என்று இருக்கும். நிதி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதை மறந்துவிட வேண்டாம். 2025 பிப்ரவரியைப் பார்க்க வேண்டுமானால் 2024-25 என்பதைத்தான் எடுக்க வேண்டும். நான் பார்த்தவரைக்கும் ஏப்ரல், மே மாதங்களில் "ஒண்ணுமே காட்டமாட்டேங்குதே" என்று போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் புது ஆண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பழைய மாதத்தைத் தேடுகிறவர்கள்.

இந்தப் பட்டியலைப் படிக்கிற விதம் ஒன்று இருக்கிறது. போட்ட ரிட்டர்ன்தான் இதில் வரும். போடாத மாதத்துக்குச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எல்லாம் வராது, அந்த மாதமே இருக்காது. அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாமே 'ஃபைல்டு' என்று நிம்மதியாகத் தெரியும். மாதங்களை விரல்விட்டு எண்ணுங்கள். ஏப்ரல், மே, ஜூன் என்று ஒவ்வொன்றாக. தம்பி விஷயத்தில் ஜனவரியோடு பட்டியல் நின்றுபோயிருந்தது, அவனே அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு "எல்லாம் ஃபைல்டுன்னுதான இருக்கு?" என்று கேட்டான்.

இன்னொன்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரிட்டர்ன் போடுகிற திட்டத்தில் இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரு 3பிதான். இடையில் இரண்டு மாதம் காணோமே என்று பயப்பட வேண்டாம்.

பணம் கட்டியது வேறு, ரிட்டர்ன் போட்டது வேறு

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

சலான் எடுத்து, நெட் பேங்கிங்கிலோ வங்கியிலோ பணம் கட்டினால் அந்தப் பணம் உங்கள் பெயரில் இருக்கிற எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜர் என்கிற கணக்கில் போய் உட்காரும். அவ்வளவுதான். அது உங்கள் பணமாகவே அங்கே கிடக்கும், எந்த மாதத்து வரியாகவும் அது இன்னும் மாறவில்லை. 3பி-யைத் திறந்து, கட்ட வேண்டிய வரியோடு அந்தப் பணத்தைக் கழித்து, கடைசியில் ஓடிபி போட்டோ டிஜிட்டல் கையெழுத்து போட்டோ முடித்தால்தான் ரிட்டர்ன் போட்டதாகக் கணக்கு. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களும் எல்எல்பி-யும் டிஜிட்டல் கையெழுத்துதான் போட வேண்டும், மற்றவர்களுக்கு ஓடிபி போதும்.

தம்பியின் கணக்கைப் பார்க்கிறவர் தன் வேலையை முக்கால்வாசி சரியாகவே செய்திருந்தார். மார்ச் 20ஆம் தேதி சலான் எடுத்துக் கொடுத்தார், இவனும் உடனே பணம் கட்டினான், அவர் 3பி-யில் எல்லாவற்றையும் நிரப்பி ஓடிபி கேட்டிருக்கிறார். இவன் அந்த நேரத்தில் பைக்கில் பெருந்துறை போய்க்கொண்டிருந்தான். போனைத் திருப்பித் தேடிப் பார்த்தால் அன்று மாலை வந்த ஓடிபி திறக்கப்படாமல் அப்படியே கிடக்கிறது, அதற்கு மேலே அவரிடமிருந்து மூன்று மிஸ்டு கால். இவன் பணம் கட்டியாயிற்று என்று விட்டுவிட்டான். அவர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார், வருஷக் கடைசி, அவருக்கும் நாற்பது ஐம்பது கடைக் கணக்கு. அடுத்த மாதமும் பணம் மட்டும் போனது.

பணம் போய்ச் சேர்ந்ததா என்பதில் சந்தேகம் இருந்தால் அதையும் லாகின் இல்லாமல் பார்க்கலாம். 'சர்வீசஸ்' மெனுவில் 'பேமென்ட்ஸ்', அதற்குள் 'டிராக் பேமென்ட் ஸ்டேட்டஸ்'. ஜிஎஸ்டி எண்ணும், சலானில் இருக்கிற 14 இலக்க சிபின் எண்ணும் கேட்கும். சலான் எடுத்த 15 நாளுக்குள் பணம் கட்டவில்லையென்றால் அது காலாவதியாகிவிடும், புதிதாக எடுக்க வேண்டியதுதான். வங்கியில் பணம் பிடித்துவிட்டது, இங்கே வரவில்லை என்றால் உடனே இரண்டாவது தடவை கட்டிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் இருப்பவர்கள் மூன்று மாதத் திட்டத்தில் இருக்கலாம் அல்லவா, அவர்கள் முதல் இரண்டு மாதமும் 25ஆம் தேதிக்குள் சலான் மட்டும் கட்டினால் போதும், 3பி மூன்றாவது மாதம் முடிந்த பிறகுதான். பக்கத்துக் கடைக்காரர் அந்தத் திட்டத்தில் இருந்து "சலான் கட்டினாப் போதும்ங்க" என்று சொல்லியிருப்பார், அவருக்கு அது உண்மை. மாதாமாதம் போடுகிற உங்களுக்கு அது பொருந்தாது. நீங்கள் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

லாகின் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்

உள்ளே நுழைந்த பிறகு 'சர்வீசஸ்', 'ரிட்டர்ன்ஸ்', அதற்குள் 'டிராக் ரிட்டர்ன் ஸ்டேட்டஸ்'. பதிவு விண்ணப்பத்தைப் பார்க்கிற 'டிராக் அப்ளிகேஷன் ஸ்டேட்டஸ்' என்று இன்னொன்று வெளியே இருக்கிறது, அதில் போய் ரிட்டர்னைத் தேடினால் கிடைக்காது.

இங்கே மூன்று விதமாகத் தேடலாம். ஏஆர்என் எண்ணை வைத்து, தேதிகளைக் கொடுத்து, அல்லது நிலையை வைத்து. நான் பெரும்பாலும் தேதியைக் கொடுத்துத்தான் பார்ப்பேன், மொத்தமும் ஒரே இடத்தில் வந்துவிடும். நிலையை வைத்துத் தேடும்போது நான்கு வகை காட்டும். 'டு பி ஃபைல்டு' என்றால் இன்னும் போடவே இல்லை. 'சப்மிட்டட் பட் நாட் ஃபைல்டு' என்றால் விவரத்தைச் சமர்ப்பித்துவிட்டு, கடைசிக் கட்டத்தை முடிக்காமல் விட்டது. 'ஃபைல்டு - வேலிட்' என்றால் போட்டாயிற்று, வரியும் முழுசாகக் கட்டியாயிற்று. 'ஃபைல்டு - இன்வேலிட்' என்றால் ரிட்டர்ன் போயிருக்கிறது, ஆனால் வரி கட்டவில்லை அல்லது குறைவாகக் கட்டியிருக்கிறது. கடைசியாகச் சொன்னது வந்தால் தள்ளிப்போடாமல் கணக்குப் பார்ப்பவரோடு உட்கார்ந்துவிடுங்கள்.

ஏஆர்என் என்பது ரிட்டர்ன் வெற்றிகரமாகப் போன பிறகு தளம் தருகிற ஒப்புகை எண். அதுவும் 15 இலக்கம்தான், முதலில் இரண்டு எழுத்து, அடுத்து மாநில எண் 33, அடுத்து மாதமும் வருஷமும், அப்புறம் வரிசை எண். ஆகவே "போட்டாச்சா?" என்று யாரையும் கேட்காதீர்கள். "ஏஆர்என் அனுப்புங்க" என்று கேளுங்கள். போட்டிருந்தால் அந்த நிமிஷமே அனுப்பிவிடுவார்கள், அது மெயிலிலும் மெசேஜிலும் வந்திருக்கும். கேட்பதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை, நல்ல கணக்குக்காரர் கேட்காமலே அனுப்புவார்.

'ரிட்டர்ன்ஸ் டாஷ்போர்டு' என்ற இடத்துக்குப் போய் வருஷம், காலாண்டு, மாதம் கொடுத்தால் அந்த மாதத்துக்கு நீங்கள் போட வேண்டியவை பெட்டி பெட்டியாக வரும், ஒவ்வொன்றிலும் நிலையும் கடைசித் தேதியும் இருக்கும். போட்ட ரிட்டர்னை 'வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்' வழியாகப் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். வங்கியில் கடன் கேட்டுப் போகும்போது இதைத்தான் கேட்கிறார்கள், மாதாமாதம் இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துவிட்டால் பிறகு அலைய வேண்டாம். தளத்தில் கொஞ்ச நேரம் கை வைக்காமல் விட்டால் தானாகவே வெளியேறிவிடும், நடுவில் எழுந்து போகாதீர்கள்.

எந்தத் தேதிக்குப் பிறகு பார்க்க வேண்டும் என்றால்: மாதாமாதம் போடுகிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதி, 3பி 20ஆம் தேதி. மூன்று மாதத் திட்டத்தில் ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13, 3பி நம் தமிழ்நாட்டுக்கு 22. காம்போசிஷனில் இருப்பவர்கள் காலாண்டு முடிந்து 18ஆம் தேதிக்குள் சிஎம்பி-08 என்ற படிவத்தைப் போட வேண்டும். சில சமயம் அரசாங்கம் தேதியைத் தள்ளி வைக்கும், அது தளத்தின் முகப்பிலேயே அறிவிப்பாக வரும். கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவதால் தளம் ஊர்ந்து போகும், என் கடையில் 17ஆம் தேதியைத் தாண்ட விடுவதில்லை.

போடவில்லை என்று தெரிந்தால்

முதலில் பழைய மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். பிப்ரவரி 3பி-யை விட்டுவிட்டு மார்ச் 3பி-யைப் போட முடியாது. அதோடு, ஒரு மாதத்து 3பி நிலுவையில் இருந்தால் அடுத்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-1-ஐயும் தளம் வாங்காது. தம்பிக்கு அதனால்தான் மார்ச் மாதத்து விற்பனை பில் எதுவுமே தளத்தில் ஏறவில்லை. ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டு வியாபாரி போன் செய்து "உங்க மார்ச் பில் என் 2பி-யில வரலையே" என்று கேட்டிருக்கிறார் (வாங்கியவர் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைத் தளம் காட்டுகிற பட்டியல்தான் 2பி), இவன் "வந்துரும்ங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். "ஏன் சாமி, அப்பவே ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். பதில் இல்லை. உங்களிடம் சரக்கு வாங்கியவர் இப்படிக் கேட்டால் அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறு கிடையாது, அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரியே கணக்குக்காரரிடம் போனில் லாகின் வாங்கி, பிப்ரவரி 3பி, அப்புறம் மார்ச் ஜிஎஸ்டிஆர்-1, அப்புறம் மார்ச் 3பி என்று வரிசையாக முடித்தோம். பில் விவரமெல்லாம் அவர் தயாராக வைத்திருந்ததால்தான் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் தம்பி பக்கத்தில் நின்று ஓடிபி சொன்னான். போட்டவுடன் ஈ-வே பில் தடை தானாக நீங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், மறுநாள்கூட ஆகலாம். அவசரம் என்றால் ஈ-வே பில் தளத்தின் 'சர்ச்' மெனுவில் 'அப்டேட் பிளாக் ஸ்டேட்டஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதில் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் புதிய நிலையை எடுத்துக்கொள்ளும். அதை வைத்துத்தான் பத்து மணி வாக்கில் வண்டி கிளம்பியது. டிரைவருக்கு ராத்திரிச் சாப்பாடு தம்பி வீட்டில்.

தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், அந்த மாதம் வரி எதுவும் இல்லாத ரிட்டர்ன் என்றால் நாளுக்கு 20. இதற்கு உச்சவரம்பு உண்டு: வரி இல்லாத ரிட்டர்னுக்கு 500 ரூபாய், முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை இருந்தால் 2,000, அதற்கு மேல் 5 கோடி வரை 5,000, அதையும் தாண்டினால் 10,000. தம்பி ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவன். பிப்ரவரி 3பி 58 நாள் தாமதம், நாள் கணக்குப்படி 2,900 வந்திருக்க வேண்டும், உச்சவரம்பால் 2,000-த்தோடு நின்றது. மார்ச் 3பி 27 நாள், 1,350 ரூபாய். இது அடுத்த ரிட்டர்னில் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும், சரக்கு வாங்கும்போது கொடுத்த உள்ளீட்டு வரியை வைத்துக் கழிக்க முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும்.

வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். ஆனால் இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. கடைசித் தேதிக்குள்ளேயே கேஷ் லெட்ஜரில் பணம் வந்து கிடந்திருந்தால், ரிட்டர்ன் தாமதமாகப் போட்டாலும் அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. 2024 ஜூலையில் விதியை மாற்றினார்கள். தம்பி சலானையாவது நேரத்தில் கட்டியிருந்ததால் வட்டியிலிருந்து தப்பித்தான்.

இதற்கும் மேலே விட்டுவிட்டால் 3ஏ நோட்டீஸ் வரும், 15 நாளுக்குள் ரிட்டர்ன் போடச் சொல்வார்கள். அப்புறமும் போடாவிட்டால் அதிகாரி தன் மதிப்பீட்டின்படி வரியை நிர்ணயித்து உத்தரவு போடலாம். தொடர்ந்து ஆறு மாதம் போடவில்லையென்றால் பதிவையே ரத்து செய்ய நடவடிக்கை எடுக்கலாம், மூன்று மாதத் திட்டத்தில் இரண்டு காலாண்டு விட்டாலே போதும். ரத்தான பதிவைத் திரும்ப வாங்க 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடைசித் தேதியிலிருந்து மூன்று வருஷம் தாண்டிய ரிட்டர்னைப் போடவே முடியாது என்று 2023-இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. பழைய நிலுவை வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு கொடுப்பவரையும் பாருங்கள்

அதே 'சர்ச் டாக்ஸ்பேயர்' பக்கத்தில் யாருடைய எண்ணையும் போட்டுப் பார்க்கலாம், சட்டப்படி அது எல்லோருக்கும் திறந்த தகவல். நான் புதிதாக ஒரு மில்லிலிருந்தோ ஏஜென்டிடமிருந்தோ நூல் வாங்குவதற்கு முன்னால் கட்டாயம் பார்ப்பேன். காரணம் எளிது. நீங்கள் அவருக்குக் கொடுத்த வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ள வேண்டுமானால், அவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் உங்கள் பில்லை ஏற்றியிருக்க வேண்டும், அது ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி உருவாகிற உங்கள் 2பி-யில் வந்திருக்க வேண்டும், அவர் வரியை அரசாங்கத்துக்குக் கட்டியும் இருக்க வேண்டும். அவர் செய்யாத வேலைக்கு நம் பணம் மாட்டிக்கொள்ளும்.

அதனால் பட்டியலில் ஜிஎஸ்டிஆர்-1-ஐ மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. சிலர் அதை ஒழுங்காகப் போட்டு, வாங்குபவரைச் சமாதானப்படுத்திவிட்டு, 3பி-யை விட்டுவிடுவார்கள். உங்கள் 2பி-யில் பில் வந்திருக்கும், நீங்களும் கழித்திருப்பீர்கள். அவர் அந்த நிதி ஆண்டு முடிந்து வருகிற செப்டம்பர் 30 வரை 3பி போடவில்லையென்றால், நவம்பர் 30-க்குள் நீங்கள் கழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். அவர் பிறகு போட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் உங்களுடையதுதான் முடங்கும். செப்டம்பர் முதல் வாரத்தில் உட்கார்ந்து பெரிய தொகைக்கு வாங்கிய பத்து பேரின் எண்ணையாவது போட்டு, போன ஆண்டு 3பி முழுசாக இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். விடுபட்டிருந்தால் அவருக்குச் சொல்ல இன்னும் நாள் இருக்கும்.

காம்போசிஷன் வியாபாரி என்று காட்டினால் அவர் பில்லில் வரி போட்டு வாங்கவே கூடாது, போட்டிருந்தாலும் நீங்கள் கழிக்க முடியாது. பதிவு ரத்தானவர் என்றால் ரத்தான தேதியையும் அவர் கொடுத்த பில்லின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஈரோட்டில் பல கடைகளில் புது ஆளிடம் வாங்கும்போது சரக்கின் விலையை முதலில் கொடுத்துவிட்டு, வரித் தொகையை 2பி-யில் பில் வந்த பிறகு கொடுப்பார்கள். பேசி வைத்துக்கொண்டு செய்தால் இதில் மனஸ்தாபம் வராது. ஆனால் 180 நாளைத் தாண்டி யாருக்கும் பாக்கி வைக்காதீர்கள், தாண்டினால் அந்தப் பில்லுக்குக் கழித்த வரியைத் திருப்ப வேண்டிவரும்.

யாருடைய போனுக்கு மெசேஜ் வருகிறது?

பதிவு எடுக்கும்போது அவசரத்தில் கணக்குப் பார்ப்பவரின் மொபைலும் மெயிலும் கொடுத்திருப்பார்கள். ரிட்டர்ன் போடவில்லை என்ற நினைவூட்டல், நோட்டீஸ், ஏஆர்என் எல்லாம் அவருக்கே போகும், முதலாளிக்கு எதுவும் தெரியாது. லாகின் செய்து பதிவுத் திருத்தப் பகுதியில், அனுமதி பெற்ற கையொப்பதாரர் விவரத்தில் உங்கள் எண்ணையும் மெயிலையும் மாற்றிக்கொள்ளலாம். கணக்குக்காரரை நம்பவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, தொழில் உங்களுடையது, நோட்டீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். ஓடிபி உங்களுக்கு வந்தால் உடனே அவருக்குச் சொல்வது உங்கள் பொறுப்பு. 18ஆம் தேதியிலிருந்து 20 வரை அவரிடமிருந்து வருகிற போனை எடுக்காமல் விடாதீர்கள்.

விற்பனையும் வாங்கலும் எதுவுமே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு, கடை மூடிக் கிடந்தாலும் போட வேண்டும். அதைப் போனிலிருந்து மெசேஜிலேயே போட்டுவிடலாம். என்ஐஎல் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு 3பி, இடம் விட்டு ஜிஎஸ்டி எண், இடம் விட்டு மாதமும் வருஷமும் சேர்த்து ஆறு இலக்கமாக, உதாரணமாக ஜூன் 2025 என்றால் 062025, இதை 14409-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும், அதை உறுதிப்படுத்தித் திருப்பி அனுப்பியதும் ஏஆர்என் வந்துவிடும். பதிவில் இருக்கிற மொபைல் எண்ணிலிருந்து அனுப்ப வேண்டும்.

ஏஆர்என் வந்தும் பட்டியலில் காட்டவில்லை என்றால் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அப்புறமும் வராவிட்டால் ஏஆர்என் மெசேஜையும் டாஷ்போர்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, ஜிஎஸ்டி உதவி மையத்துக்கு 1800-103-4786 என்ற எண்ணில் பேசிப் புகார் பதிவு செய்யுங்கள். டிக்கெட் எண் ஒன்று கொடுப்பார்கள். நோட்டீஸ் ஏதாவது வந்தால் பதிலோடு அந்த எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.